எனக்கு மட்டும் ஒரு போர்வை

ஜூன் 4, செவ்வாய்

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் சரி, கும்பிட்டுக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். மூட மனமில்லை என்றால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்னொருவரிடம் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம். நாகலெட்சுமி அத்தையிடம் வேண்டவே வேண்டாம். பிரதாப், இது நீயாக இருந்தால், கோயில் பல்பை உடைத்தது யார் என்று உன் அக்காவுக்குத் தெரியும். ஞாபகம் வைத்துக்கொள்.

விஷயம் இதுதான். நான் ஒரு போர்வை தைக்கிறேன். துண்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டித் தைக்கும் போர்வை. எனக்காக. எனக்கு மட்டும்.

எழுதிப் பார்த்தால் ஏதோ திருட்டு மாதிரி இருக்கிறது. ஆனால் எங்கள் லயத்து வரிசை வீட்டில், இந்த ஒற்றைக் காம்பராவில், எனக்கென்று என்ன இருக்கிறது? இருப்பது ஒரே கம்பளி. ஒரு ஓரத்தில் அம்மா, மறு ஓரத்தில் நான், நடுவில் பிரதாப். அவன் ஒருதரம் புரண்டால் கம்பளி முழுக்க அவனோடு போய்விடும். அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், அதனால் நாலாவது ஆள் இல்லை. என் ஸ்வெட்டர் தம்பிக்குப் போனது. போன வருஷம் கிளி போட்டு ஒரு தலையணை உறை தைத்தேன். அதைக் கணக்கப்பிள்ளை வீட்டுக் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். "தனு வேற ஒண்ணு தச்சுக்குவா" என்றார் அம்மா.

இதைக் கொடுக்க மாட்டேன். அதனால்தான் யாருக்கும் தெரியக்கூடாது.

ஜூன் 6

இன்று ஒரு வரிசை முடிந்தது. விஞ்ஞான பாடத்தில் சேர் என்னவோ கேட்டார், அடுத்த துண்டு என்ன நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்த நான் எழும்பி "காக்கி" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது.

ஜூன் 9, ஞாயிறு

அம்மாவோடு ஹட்டனுக்குப் போனோம். அம்மா மரக்கறி வாங்கும் நேரத்தில் நான் தையல்கடை ஜீவராஜ் அண்ணனிடம் ஓடிப்போய்க் கீழே கிடக்கும் வெட்டுத்துண்டுகளைக் கேட்டேன். ஒரு பை நிறையத் தந்தார். அம்மாவிடம் பாடசாலை வேலைக்கு என்று சொல்லி, வழியெல்லாம் அதை அணைத்துக்கொண்டே வந்தேன்.

வந்து கொட்டிப் பார்த்தால் இந்தமுறையும் எல்லாம் வெள்ளை, நீலம், காக்கி. பொலிஸ்காரருக்குத் தைக்கிற போர்வை மாதிரி இருக்கிறது. ஒரு சிவப்பு இல்லை. ஒரு மஞ்சள் இல்லை.

ஜூன் 11

நான் தைப்பது எங்கே என்று எழுதவில்லையே. பிள்ளைமடுவத்தில். அம்மாமார் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். நாகலெட்சுமி அத்தைதான் அங்கே பிள்ளை பார்க்கிறவர். பாடசாலை விட்டதும் நான் உதவிக்குப் போவேன். மத்தியானம் அத்தை பிள்ளைகளைத் தூங்கவைப்பார், பிறகு பிள்ளைகள் அத்தையைத் தூங்கவைப்பார்கள். அதுதான் என் நேரம். தைத்ததைப் பிள்ளைகளின் திரிபோஷா சத்துமாப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பேன்.

இன்று மழை. தகரத்தில் அடிக்கிற சத்தத்தில் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். நான் சும்மா அண்ணாந்து பார்த்தேன். உத்திரத்தில் வரிசையாகத் தொட்டில்கள். ஒவ்வொன்றும் ஒரு அம்மாவின் பழைய சீலை. மேலே முடிச்சுப் போட்டு மிச்சம் தொங்குகிறதே, அந்த முனைகள். ஆரஞ்சு, கிளிப்பச்சை, மஞ்சளில் கறுப்புப் புள்ளி, யூஜினா அக்காவின் தொட்டிலில் ரோஜா நிறத்தில் குட்டி வெள்ளைப் பூ. இவ்வளவு நாளும் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன.

அத்தை உட்காரும் வாங்குப் பலகையில் ஏறினேன். முடிச்சுக்கு மேலே யார் பார்க்கப் போகிறார்கள்? ஒவ்வொன்றிலும் ஒரு உள்ளங்கை அளவு மட்டும் வெட்டினேன். இராசம்மா பெரியம்மாவின் பேத்தி தூங்கும் தொட்டிலை மட்டும் தொடவில்லை. பெரியம்மாவின் வாய்க்கு லயமே பயப்படும். நானும்தான்.

ஜூன் 12

மஞ்சளுக்குப் பக்கத்தில் காக்கியை வைத்தேன். காக்கி தங்கம் மாதிரி ஆகிவிட்டது! இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. சொல்ல முடியாது.

ஜூன் 18

மேல்பக்கம் முடிந்துவிட்டது. சில மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு இடத்தில் பச்சை கோணிக்கொண்டு நிற்கிறது. பிரிக்கப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். பரிசுக்கா தைக்கிறேன்? எனக்கு அந்தக் கோணல் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்தால் போதும் என்பது எவ்வளவு சுகமாக இருக்கிறது.

அடிப்பக்கத்துக்கு எனக்குக் கட்டையாகிவிட்ட வெள்ளைச் சீருடைகளைப் பிரித்து எடுத்தேன். ஒன்றில் எட்டாம் ஆண்டில் கொட்டிய மை இருக்கிறது. அது கால் பக்கம் வரட்டும்.

பெருவிரலில் ஊசி குத்தாத இடமில்லை. ஆனாலும் விடிந்தால் எப்போது மத்தியானம் வரும் என்றுதான் இருக்கிறது.

ஜூன் 20

இதை எழுதாமல் தூங்க முடியாது.

இன்று புதிதாக ஒரு அக்கா தன் பிள்ளையைக் கொண்டு வந்தார். அத்தை தொட்டில் கட்டிக்கொடுத்தார். முனை நீளமாகத் தொங்குகிறது, வெட்டிவிடலாம் என்று அந்த அக்கா கத்திரி கேட்டார். அத்தை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ள எறங்கி நடக்கிற வரைக்கும் தொட்டில் சீலையில கத்திரி படக்கூடாது. புள்ளைக்கு ஆகாது. நடந்த பொறகு நீ என்னமும் பண்ணிக்க."

எனக்குத் தெரியாதே. யாரும் எனக்குச் சொல்லவில்லையே. நான் ஒன்றில் இல்லை, ஒன்றைத் தவிர எல்லாத் தொட்டிலிலும் கத்திரி வைத்திருக்கிறேனே.

ஜூன் 22, சனி

யூஜினா அக்காவின் பிள்ளை அன்டனுக்குக் காய்ச்சல். டிக்கோயா ஆஸ்பத்திரியில் வார்ட்டிலேயே மறித்து வைத்துவிட்டார்களாம்.

ஜூன் 23

கோயிலுக்குப் போய் நின்றேன். என்ன கேட்பது? அன்டனுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. ஒண்ணும் ஆகக்கூடாது. நான் போர்வையே போத்திக்க மாட்டேன். வேணும்னா எரிச்சுடுறேன்... இல்ல, எரிக்கிறதுன்னு சொல்லாத தனு, சாமி அதையே கேட்டுட்டா?

அந்த நேரத்திலும் போர்வையைக் காப்பாற்றப் பார்க்கிறேன். நான் கெட்ட பிள்ளையா?

ஜூன் 24

ஒரு வழி கண்டுபிடித்தேன். ரோஜாத் துண்டைப் போர்வையிலிருந்து பிரித்தெடுத்து, திரும்ப அன்டனின் தொட்டில் முனையிலேயே தைத்துவிட்டேன். வெள்ளை நூல் முடிந்துவிட்டது, கறுப்பு நூலில்தான் தைத்தேன். அத்தை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். வாங்கின் மேல் நுனிக்காலில் நின்று, பார்க்காமலே தைத்தது. போர்வையில் ஒரு ஓட்டை இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 26, புதன்

அன்டன் வந்துவிட்டான்! கன்னம் கொஞ்சம் வற்றியிருக்கிறது, ஆனால் சிரிக்கிறான்.

யூஜினா அக்கா அவனைக் கிடத்துவதற்குத் தொட்டிலை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். முனையைப் பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறுப்புத் தையல், பூரான் ஊர்ந்த மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். என் பெருவிரலைப் பார்த்தார். நல்ல வேளை, அத்தை பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"தனு, தொட்டிலுக்கு யாரும்மா ஒட்டுப் போட்டது?" என்றார் மெதுவாக.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன். கத்திரி, காய்ச்சல், கோயில், எல்லாம். அக்கா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"காதுல சீழ் புடிச்சிருக்குன்னு டொக்டர் மருந்து குடுத்தாரு. காதுக்கும் கத்திரிக்கும் என்னடி சம்பந்தம்? நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க, எங்க வீட்டுல அப்புடி ஒரு சாத்திரமே இல்ல."

போர்வையைக் காட்டச் சொன்னார். பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து எடுத்தேன். மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தார். அன்டன் ஒரு மூலையைக் கவ்வி உறிஞ்சினான். பிறகு அக்கா தொட்டிலில் நான் போட்ட நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ரோஜாத் துண்டை என் கையில் வைத்தார். எடுத்த இடத்திலேயே வை என்றார்.

போகும்போது மட்டும் சொன்னார்: "மத்தவங்ககிட்ட நீயே சொல்லிரு. இராசம்மா அக்கா அவங்களா கண்டுபுடிச்சா லயம் தாங்காது."

ஜூன் 28, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் பிள்ளைகளைத் தூக்க வந்தார்கள், என்னைக் கூட்டிப்போக அம்மாவும் வந்தார். கூடைகளை வாசலில் இறக்கிவைத்து, இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நான் போர்வையை நடுவில் விரித்தேன். எல்லார் சீலையும் இதில் இருக்கிறது, கேட்காமல் வெட்டினேன், கத்திரி படக்கூடாது என்று எனக்குத் தெரியாது என்றேன். 

அத்தை தன் நெற்றியில் ஒன்று போட்டுக்கொண்டு, என் தலையிலும் ஒன்று குட்டினார். ஆனால் மற்றவர்கள் குனிந்துவிட்டார்கள். இது என்னுடையது, இது உன்னுடையது என்று தேடத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தர் கிளிப்பச்சையைத் தடவி, இது கலியாணத்துக்கு மறுநாள் கட்டினது என்றார். அதற்கு இன்னொருத்தர், அன்றைக்கே சாயம் போயிருந்தது என்றார். சிரிப்பு.

இராசம்மா பெரியம்மா சிரிக்கவில்லை. வரிசை வரிசையாகப் பார்த்தார்.

"கத்திரி வைக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல பெரியம்மா."

கத்திரி பட்ட தோஷம் போக, நாளைக்கு ஒவ்வொரு தொட்டிலிலும் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டை நானே முடிந்துவிட வேண்டும் என்றார். சரி என்றேன். இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆமா, எம் பேத்தி தொட்டில் எங்க?"

"ஒங்களுக்குப் பயந்துகிட்டு வெட்டல பெரியம்மா."

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்லதாகப் போயிற்று, கேட்டிருந்தாலும் பிள்ளை நடக்கும்வரை தந்திருக்க மாட்டேன் என்றார். ஆனால் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் நான் பயந்தது வந்தது. போர்வை மடுவத்திலேயே இருக்கட்டும், பார்வையிட வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்றார் அத்தை. அம்மா இன்னும் மோசம். அவர் கோபப்படவில்லை, போர்வையைக் கையில் எடுத்து நீவி, "அப்பாவுக்குக் குடுத்துவிடலாம் தனு. கடைக்குப் பின்னால வெறுந்தரையில படுக்கிறாரு" என்றார்.

அப்பாவை நினைத்ததும், கொடுத்துவிடலாம் என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. கோணிய அந்தப் பச்சை கண்ணில் பட்டது.

"அப்பாவுக்கு வேற ஒண்ணு தச்சுத் தர்றேன். இது எனக்கு."

என் குரலா அது?  அம்மா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். போர்வையை நாலாக மடித்தார், திரும்ப எட்டாக மடித்தார், தன் கூடைக்குள் வைக்காமல் என் கையில் வைத்தார்.

"நனையாம கொண்டு வா" என்றார்.

ஜூன் 29

நேற்று இரவு முதன்முதலாகப் போர்த்தினேன். எப்படி எழுதுவது? கை காலை எல்லாப் பக்கமும் நீட்டினேன். யாரும் இழுக்கவில்லை. இருட்டில் விரலாலேயே ஒவ்வொரு துண்டையும் கண்டுபிடித்தேன். வழவழப்பானது ஆரஞ்சு, சொரசொரப்பு காக்கி. பால் மணமும் மழை மணமும் அடிக்கிறது. குளிரால் இல்லை, சிரிப்பு வந்துகொண்டே இருந்ததால்தான் தூக்கம் வரவில்லை.

பிரதாப் ஒரு காலை உள்ளே விட்டான். எடுத்து அவன் பக்கம் வைத்தேன். திரும்பவும் விட்டான். திரும்பவும் வைத்தேன்.

காலையில் ஒவ்வொரு தொட்டிலாக மஞ்சள் முடிந்தேன். யூஜினா அக்கா, சாத்திரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அன்டனுக்கும் ஒன்று கட்டிவிடு என்றார்.

ஜூலை 7, ஞாயிறு

அப்பாவின் போர்வைக்கு வெட்டத் தொடங்கிவிட்டேன். அதை ஒளிக்கவில்லை, வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்கத் தைக்கிறேன். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு யோசனை சொல்கிறார்கள், பாதிக்கு மேல் உதவாதவை. அது அப்பாவுக்கு, ஆகவே கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதற்கு யாரும் யோசனை சொல்வதில்லை.

இப்போது அதற்குள்ளே படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டார், கம்பளி முழுக்கத் தம்பியிடம். என் போர்வையின் இடது ஓரம் கொஞ்சம் குறைகிறது, தோள் வெளியே நிற்கிறது. இன்னும் ஒரு வரிசை வைக்கலாம், என்ன நிறம் என்றுதான்...

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இந்த நேரத்தில்? இராசம்மா பெரியம்மாவின் குரல்.

"தனு, முழிச்சிருக்கியா? புள்ள இன்னைக்கு நடந்துட்டா. தொட்டில அவுத்துட்டேன். ஒங் கத்திரிய எடு."