திருஷ்டிப் பொட்டு

நாள் 304, காலை 8.10

செவ்வாய், நவகுடி குடியிருப்பு நிலையம். எழுதுவது பாண்டீஸ்வரி, அனிமேஷன் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மற்ற நால்வரும் பொறியாளர்கள். அவர்கள் பனிக்கட்டியைத் தோண்டித் தண்ணீரும் ஆக்சிஜனும் எடுக்கிறார்கள். நான் அதை இருபது வினாடி மோஷன் கிராபிக்ஸ் விளம்பரமாக்கிப் பூமிக்கு அனுப்புகிறேன். வீடு விற்க வேண்டுமே.

இன்றைய வாசகம்: "ஏவுதளத்திலிருந்து பத்தே நிமிடம். இருபத்துநான்கு மணி நேர ஆக்சிஜன் வசதி." எழுத்துகள் துள்ளி வந்து நிற்கும். சிவகாசியில் மனை விற்றபோதும் இதே துள்ளல்தான், அங்கே பஸ் ஸ்டாண்டு.

தம்பி முனீசு அடுத்த கப்பலில் வருகிறான், மனைவி சங்கரியோடும் மகள் தன்ஷிகாவோடும். அவனும் நானும் ஒரே அறையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு நகைக்கடைக்கும் பட்டாசுக்கடைக்கும் விளம்பரம் செய்தவர்கள். பொம்மைகளை அவன் கட்டித் தருவான், நான் அசைப்பேன். சும்மா நிற்கிற பொம்மைக்கும் நெஞ்சு ஏறி இறங்க வேண்டும் என்று சண்டை போடுவான். "மூச்சு விடலேன்னா அது பொணம்க்கா."

தன்ஷிகாவுக்கு ஜன்னலோரப் படுக்கை ஒதுக்கிவிட்டேன்.

நாள் 309, பிற்பகல் 2.40

சுரங்கம் இடிந்துவிட்டது. நால்வரும் உள்ளே இருந்தார்கள். ஐந்து மணி நேரம் ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை.

தண்ணீர்க் குழாய் அறுந்துவிட்டது. இனி ஆக்சிஜன் ஊறாது. சேமிப்புத் தொட்டியில் இருப்பது ஒரு ஆளுக்கு நாற்பது நாள் வரும். கப்பல் வந்து சேர ஏழு மாதம்.

தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டேன். எனக்காக அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரியும். கப்பல் இன்னும் கிளம்பவில்லை, அது போதும்.

நாள் 310, காலை 11.05

விளம்பர மேலாளர் கோதண்டராமனிடமிருந்து செய்தி:

"ரொம்ப வருத்தமா இருக்கு பாண்டீஸ்வரி. ஆனா வெளிய மூச்சு விடாதீங்க. இப்ப கப்பலை நிறுத்தினா கம்பெனியே இருக்காது. ரிப்பேர் சாமான் அதே கப்பல்ல வருது, எறங்கினதும் சரி பண்ணிக்குவாங்க. நீங்க அந்தக் குடும்ப விளம்பரத்தை மட்டும் முடிச்சு அனுப்புங்க. புக்கிங் டல்லா இருக்கு."

கூடவே என் சொந்தத் தகவல் தொடர்பைப் பூட்டிவிட்டார்கள். முனீசுக்கு எழுதியது எல்லாம் திரும்பி வருகிறது. வெளியே போகிற ஒரே பாதை விளம்பரப் பாதை. அதையும் இந்த மனிதர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஒளிபரப்பு.

இறங்கிய பிறகு சரி செய்வார்களாம். கப்பலில் இருக்கும் காற்று பயணத்துக்கு அளந்ததுதான், அதுவரை எதை சுவாசிப்பார்கள்? நாசமாய்ப் போக.

நாள் 312, மாலை 4.20

யோசனை வந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதையாவது மாற்றச் சொல்லாவிட்டால் முதலாளிக்குத் தூக்கம் வராது. எங்கே கை வைப்பார் என்றும் தெரியாது. அதனால் நாங்களே பளிச்சென்று ஒரு தப்பை விட்டுவைப்போம். அவர் அதைக் கண்டுபிடித்துப் பெருமைப்படுவார், மற்றதைத் தொட மாட்டார். முனீசு அதற்கு வைத்த பெயர் திருஷ்டிப் பொட்டு.

கோதண்டராமனுக்குப் பொட்டு வைத்துவிட்டேன். நிறுவனத்தின் ஆரஞ்சு முத்திரையை நீலமாக்கியிருக்கிறேன்.

உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. அப்பா, அம்மா, குழந்தை மூவரும் கூரைக்கடியில் நின்று கையாட்டுகிறார்கள். யாரும் மூச்சு விடவில்லை. இருபது வினாடியும் நெஞ்சு அசையவே இல்லை. உலகத்தில் வேறு யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தப் பொம்மைகளைக் கட்டியவன் கவனிப்பான்.

அனுப்பிவிட்டேன். கடவுளே, அவன் பார்க்க வேண்டும்.

நாள் 313, காலை 9.30

"சூப்பர் பாண்டீஸ்வரி! ஆனா லோகோ நீலமா இருக்கே, நம்ம கலர் தெரியாதா? நல்லவேளை நான் பாத்தேன். அதை மட்டும் மாத்திட்டு அனுப்புங்க. ஓகே."

மாற்றி அனுப்பினேன். வாய்விட்டுச் சிரித்தேன், அப்புறம் அழுதேன். இன்றே எல்லாத் திரையிலும் வருமாம்.

நாள் 321, பிற்பகல் 1.15

கப்பல் கிளம்பிவிட்டது. முப்பத்தெட்டுப் பேர் என்கிறது அறிவிப்பு. பெயர் போடவில்லை. முனீசு அதில் இல்லை. இருக்க மாட்டான். அவன் கண் அப்படி.

நாள் 323, காலை 10.50

கப்பலிலிருந்து நேரடியாக வந்த செய்தி. வந்தது வந்தபடி இங்கே:

"அக்கா, ஏறிட்டோம்! தன்ஷிகா ஒரே ஆட்டம், அத்தை அத்தைன்னு நிக்க மாட்டேங்கா. ஒன் விளம்பரத்த பாத்தேன். ஒருத்தரும் மூச்சு விடல, என்னக்கா இதுன்னு பக்குன்னு ஆயிப்போச்சு. சங்கரி டிக்கெட்ட கேன்சல் பண்ணுவோம்னே சொல்லிட்டா. நான் நாலு தடவ ஓட்டிப் பாத்தேன். வேற ஒரு தப்பும் இல்ல. அப்பத்தான் வெளங்குச்சு, இதுதான் திருஷ்டிப் பொட்டுன்னு! ஒங்க மேனேஜரு அதக்கூட கண்டுபிடிக்காம விட்டுட்டான் பாரு. விழுந்து விழுந்து சிரிச்சோம். வாரோம்க்கா."

நீலத்தை நானே மாற்றினேன். என் கையாலேயே மாற்றினேன். மிச்சம் இருந்த ஒரே தப்பு என் உண்மைதான்.

நாள் 323, மாலை 5.00

கப்பலால் திரும்ப முடியாது. என்னால் பதில் அனுப்ப முடியாது. தொடர்புப் பெட்டியைக் கழற்றிப் பூட்டை உடைக்கப் பார்த்தேன், விரல்தான் உடைந்தது.

தொட்டியில் இருப்பது முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரு நாளைக்குக்கூடக் காணாது. ஒரு சின்னப் பிள்ளைக்கு மட்டும் என்றால், குழாயைச் சரி செய்கிறவரை தாங்கும். நான் தினமும் அவள் பங்கில் இருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நாள் 324, காலை

தொட்டியை மூடிவிட்டேன். அறையில் இருக்கும் காற்று மட்டும் மிச்சம்.

முனீசு, முதல் கதவைத் திறந்ததும் நான் தெரிவேன், மேசைக்கு முன்னால். தன்ஷிகாவை உள்ளே விடாதே. தொட்டிச் சாவி ஜன்னலோரப் படுக்கைக்கு அடியில். அவளுக்கு மட்டும். மற்றவர்கள் என்ன சொன்னாலும் அவளுக்கு மட்டும். அவர்களிடம் என்னை மன்னிக்கச் சொல்.

தலை கனக்கிறது. எழுத்து துள்ளுகிறது

என் நெஞ்சைப் பார் முனீசு. அசையாது. சிரிக்காதடா, இது பொட்டு இல்