கவாத்து முடியட்டும்

இன்று காலை, திராட்சைக் கொடிகளைக் கழிக்கிற கவாத்துக் கத்தரியைச் சாக்கிலிருந்து உருவியதும் மறுபடியும் உங்கள் வாடை அடித்தது. கிரீஸும் மூக்குப்பொடியும் கலந்த அதே வாடை. ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று, கைப்பிடி ரப்பருக்குள் அது மட்டும் உட்கார்ந்திருக்கிறது. கண் கலங்கினேன் என்று நினைத்துவிடாதீர்கள். போன தடவை எடுத்தபோதே சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. உங்கள் பிடிவாதம் அதற்கும் இருக்கிறது.

எனக்கு உங்கள் மேல் கோபம். போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசு என்று வருகிறவர்கள் எல்லாம் புத்தி சொல்கிறார்கள். அவர்களா உங்களோடு குடும்பம் நடத்தினார்கள்?

குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து, திராட்சைப் பந்தல் கம்பியைப் போட்டு இழுத்துக் கட்டிவைத்தீர்களே, நினைவிருக்கிறதா? "கவாத்து முடியட்டும் புள்ள, கதவையே மாத்திருவோம்" என்றீர்கள். கவாத்து முடிந்தது. காய் வெட்டு முடியட்டும் என்றீர்கள். அதன் பிறகு மழை முடியட்டும். மழை முடிவதற்குள் திராட்சைக்கு அடுத்த கவாத்து வந்துவிடும். நம் மகள் பெரியவளாகி, படித்து, கல்யாணமாகித் திருப்பூர் போய், கைப்பிள்ளையோடு வந்து குளிக்கப் போனபோதும் அதே கம்பிதான். அவள் உள்ளே இருந்துகொண்டு பாட்டுப் பாடுவாள், ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே என்று.

மேகமலைக்கு அழைத்துப் போகிறேன் என்றீர்கள். நம் மாடியில் நின்றால் தெரிகிற மலை. சின்னமனூரில் பஸ் ஏறினால் போய்விடலாம். அதற்கும் ஒரு கவாத்து முடிய வேண்டியிருந்தது.

உங்கள் காரியம் முடிந்த மறுநாளே ஆசாரியை வரச்சொல்லிப் புதுக் கதவு போட்டேன். மாடித் தொட்டியின் ஒழுகலை அடைத்தேன். உங்கள் போட்டோவுக்குச் சட்டம் போட்டு அன்றைக்கே மாட்டினேன். உங்களிடம் விட்டிருந்தால் அந்தப் போட்டோ அடுத்த சித்திரைக்குத்தான் சுவரேறியிருக்கும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதற்கு எதிரே போய் நின்று, "முடிச்சிட்டேன், பாத்துக்கங்க" என்று சொல்வேன். செத்தவரைப் பழிவாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊரில் உங்களைச் சோம்பேறி என்று சொன்னார்கள். அது பொய் என்பது எனக்குத் தெரியும். விடியுமுன்னே தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவீர்கள். யாரும் கேட்காமலே பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டாரைச் சரிசெய்து கொடுப்பீர்கள். ஒரு பெரிய வேலை எதிரே வந்து நின்றால்தான் உங்களுக்குச் சின்ன வேலைகள் கண்ணில் படும். மருந்தடிக்கும் மெஷினை அக்கக்காகக் கழற்றிப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். வேலைக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிற மனிதரை யார் கண்டுபிடிப்பார்கள்? கட்டிக்கொண்டவளுக்கே வெகுநாள் ஆனது.

நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்று நீங்கள் முதலில் சொன்னது பந்தலுக்கு அடியில். "கேஸா இருக்கும்" என்று சோடா குடித்தீர்கள். தேனிக்குப் போய்க் காட்டுங்கள் என்றேன். "கவாத்து முடியட்டும், போவோம்." சரி, கவாத்தையாவது தொடங்குங்கள் என்றால், "ஒடம்பு கொஞ்சம் தேறட்டும்." ஒன்றுக்கு ஒன்று முட்டுக் கொடுத்து இரண்டையும் நிறுத்திவைத்தீர்கள். சாமர்த்தியம்தான்.

நான் போட்ட சண்டையில் ஒருநாள் சவரிமுத்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். ராயப்பன்பட்டிக்காரர், உங்கள் சிறுவயதுச் சிநேகிதர், கூடப் போகிறார் என்று நிம்மதியாக இருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்து, "டாக்டர் லீவாம் புள்ள, அடுத்த வாரம் வரச் சொன்னாக" என்றீர்கள். நம்பினேன். அடுத்த வாரம் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர், மெஷினில் ஏதோ அடைப்பு என்று முற்றத்தில் உட்கார்ந்தீர்கள். காபி ஆற்றிக்கொண்டு வந்து பார்த்தால், கழற்றிப்போட்ட நட்டுகளுக்கு நடுவே சாய்ந்து கிடந்தீர்கள். இஸ்திரி கலையாத சட்டையோடு.

அடுத்த கவாத்துப் பருவம் வந்தது. உங்கள் தம்பி வந்து நின்றார். "தலைத்திவசம் கழியட்டும் மதினி. மொத வெட்டு வீட்டு ஆம்பள கைதான வெட்டணும்? நான் வந்து வெட்டித் தாரேன், பொறுங்க" என்றார்.

"ஒங்க அண்ணன் பொறுத்துப் பொறுத்துத்தான் போய்ச் சேந்தாக. நான் பொறுக்க மாட்டேன்" என்றேன்.

மூலைக் கல்தூணுக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, முதல் கொடியை நானே வெட்டினேன். வெட்டுவாயில் தண்ணீர் சொட்டியது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பந்தல் முடிந்து, எல்லோரும் கஞ்சிக்கு உட்கார்ந்த நேரத்தில், மேற்பார்வைக்கு வந்திருந்த சவரிமுத்து அண்ணன் என் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு சொல்லணும் தங்கச்சி, கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு டாக்டர் லீவெல்லாம் இல்ல."

"அப்புறம்?"

"ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல டீக்கடை. அங்கன பெஞ்சுல உக்காந்தாக. டீ குடிச்சாக, இன்னொரு டீ குடிச்சாக. எந்திரிக்கவே இல்ல. 'உள்ள போனா அந்தாளு ஏதாச்சும் சொல்லிருவாரு சவரி. சொல்லிட்டா அப்புறம் அது இருக்கும்ல'ன்னாக. பஸ்ஸேறித் திரும்பிட்டோம். ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாக."

கையிலிருந்த கஞ்சித் தூக்கை அப்படியே வரப்பில் எறிந்தேன். அந்த அண்ணன் பாவம், தன்னைத்தான் அடிக்கப் போகிறேன் என்று பின்னால் நகர்ந்தார். எனக்கு அடிக்க வேண்டியிருந்தது உங்களை. பயம்! அவ்வளவுதானா? இத்தனை கவாத்துக்கும், இத்தனை மழைக்கும் அடியில் கிடந்தது அதுதானா? தொடங்காத வரைக்கும் எதுவும் கெட்டுப்போகாது, கேட்காத வரைக்கும் எந்த வியாதியும் கிடையாது என்று ஒரு கணக்கு. "எனக்குப் பயமா இருக்கு புள்ள" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த ரோட்டைத் தாண்டியிருப்பேனே. ஊருக்கெல்லாம் மோட்டார் பார்த்தவருக்கு, கட்டிய மனைவியிடம் சொல்ல அந்த ஒரு வார்த்தை இல்லாமல் போய்விட்டது. அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அன்று சாயங்காலம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. கையை எடுத்தேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். இருந்தது. புதுத் தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் தண்ணீரைத் திறந்துவிட்டபடி வெகுநேரம் நின்றேன்.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் மழைத்தூறல், ஆட்கள் வரவில்லை, கவாத்து நின்றிருந்தது. மகள் போன் செய்தாள். "ஏம்மா கொரல் ஒரு மாதிரி இருக்கு? ஒருக்க தேனிக்குப் போய்க் காட்டிட்டு வாயேன்."

"கவாத்து முடியட்டும்டி" என்றேன்.

சொன்னது என் வாய்தான். குனிந்து பார்த்தால், மடியில் குத்துவிளக்கு, கையில் புளி. முந்தின நாள் விளக்கிய குத்துவிளக்கையே மறுபடி விளக்கிக்கொண்டிருக்கிறேன். முற்றத்தில் மெஷின் மட்டும்தான் இல்லை. உடம்பெல்லாம் எரிந்தது. போகும்போது எதை எதையோ விட்டுவிட்டுப் போனீர்கள், அந்த வார்த்தையை என் வாயில் வைத்துவிட்டா போக வேண்டும்?

மறுநாள் வெயில் அடித்தது. ஆட்கள் கத்தரியோடு வந்து நின்றார்கள். திருப்பி அனுப்பினேன். தோட்டத்தில் ஆள் நின்றால் நானும் நிற்பேன், கணு பார்த்து வெட்டு, டீ வாங்கி வா என்று பொழுது போய்விடும். உங்கள் தம்பி ஓடி வந்தார். "பாதியில விட்டா காய் ஒண்ணுபோல வராது மதினி. வியாபாரி தோட்டத்துக்குள்ளயே கால் வைக்க மாட்டான். ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்" என்று செருப்பை மாட்டினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் பாதி வழியில் உத்தமபாளையத்திலேயே இறங்கியிருப்பேன். அந்த டீக்கடை பெஞ்சைப் பார்க்கப் போகிறேன், அதில் உட்கார்ந்து உங்களை வாய் வலிக்கத் திட்டிவிட்டு வரப்போகிறேன், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டேன். திட்டுவதற்கென்றால் எனக்குத் தேனி வரைக்கும் போகத் தெம்பு இருந்தது.

சவரிமுத்து அண்ணன் சொன்ன அடையாளத்தில் கடை இருந்தது. பெஞ்சு, எதிரே ரோடு, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாசல். டீ வந்தது. திட்ட வாயெடுத்தவள் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சின்ன ரோட்டை ஒரு மனிதரால் ஏன் தாண்ட முடியவில்லை என்பது அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். தெரிந்தது. அதற்காக உங்கள் மேல் இரக்கம் வந்துவிடவில்லை. "இன்னொரு டீ போடவாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். சரி என்று சொல்லப் போனேன். அப்போதுதான் உறைத்தது, இந்த இரண்டாவது டீதான் உங்களைக் கொன்றது.

வேண்டாம் என்று எழுந்தேன். உங்களை ஜெயிக்க இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்காது. ரோட்டைத் தாண்டினேன்.

ஊசியில் சதை எடுத்தார்கள், பரிசோதனைக்கு அனுப்பினார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தேன். நேற்று முடிவு சொன்ன டாக்டரம்மா, "நல்ல வேளை, சீக்கிரமா வந்துட்டீங்கம்மா" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். ஆம், சொன்ன பிறகு அது இருக்கத்தான் செய்கிறது. நானும் இருக்கிறேன்.

வைத்தியம் தொடங்குகிற நாள் குறித்தாகிவிட்டது. மகள் வருகிறாள். அதற்குள் முடிந்த மட்டும் மறுபாதிப் பந்தலை வெட்டுவேன், மிச்சம் கிடந்தால் கிடக்கட்டும். இந்தக் கத்தரியை இனிமேல் சோப்புப் போட்டுக் கழுவப்போவதில்லை. அந்த வாடை வரும்போதெல்லாம் கோபம் வருகிறது, கோபம் இருக்கிற வரைக்கும் நான் அந்தப் பெஞ்சில் உட்கார மாட்டேன்.

நேற்று வீடு திரும்பியதும் எல்லோருக்கும் விவரம் சொன்னேன். மகளுக்கு, சவரிமுத்து அண்ணனுக்கு, உங்கள் தம்பிக்கு. கடைசியாக உங்கள் போட்டோவுக்கு எதிரே வந்து நின்றேன். என்ன கட்டி, என்ன வைத்தியம், எத்தனை காலம் என்று தெரிந்துகொள்ள அந்த முகத்தில் ஆவல் இருப்பதுபோலத்தான் பட்டது. உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை.

"டாக்டர் லீவாம்" என்று சொல்லிவிட்டு விளக்கேற்றப் போனேன்.