அறுபது மில்லி வளையம்

விழுப்புரம்
5.11.2025

அன்புள்ள ஹமீத் பாய்க்கு,

நலம்தானே? அப்ஸானாவுக்குக் காய்ச்சல் விட்டதா? பெட்டியில் நம் ஆகாயக் கப்பல் பொம்மையின் வயிறு, இரண்டு பாதியாக இருக்கிறது. எல்லாம் பூவரசு. சன்னல் வளையம் நான்கு. கடிதத்தை மரச்சுருளுக்குள் வைத்திருக்கிறேன். போன தடவை சுருளோடு சேர்த்து அடுப்பில் போட்ட மாதிரி இதையும் போட்டுவிடாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் பித்தளை பூட்டி முடித்த நீராவி மீன் பொம்மையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் வளையத்தின் உள்விளிம்பு என் கைவேலை மாதிரி இல்லை. நான் கடைசி உளி போட்ட இடத்துக்கு மணல்தாளே வேண்டாம். அங்கே கட்டில் கால் கடைந்த மாதிரி வரி வரியாகத் தெரிகிறது. என்ன விஷயம்?

அன்புடன்,
கோதண்டபாணி

திண்டிவனம்
9.11.2025

அன்பிற்குரிய கோதண்டபாணி அண்ணனுக்கு ஸலாம்.

அப்ஸானா பள்ளிக்கூடம் போகிறாள். பெட்டியில் கூட வைத்த மல்லாட்டைக் கடலையை நஃபீசா வறுத்து முடித்துவிட்டாள், எனக்கு ஒரு கைப்பிடிதான் கிடைத்தது. கப்பல் வயிற்றை மூடிப் பார்த்தேன், சேர்ந்த இடத்தில் கோடுகூடத் தெரியவில்லை. புதுச்சேரிக் கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

படத்தில் தெரிவது வெளிச்சக் கோளாறு அண்ணே, அதை விடுங்கள். உங்கள் ஊரில் வரும் ஞாயிறு இலவசக் கண் முகாமாம். கோபித்துக்கொள்ளாமல் ஒரு எட்டு போய்க் காட்டிவிட்டு வாருங்களேன்.

உங்கள் தம்பி,
ஹமீத்

விழுப்புரம்
17.11.2025

பாய்க்கு,

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் வெள்ளையம்மாளுக்கு ஊசியில் நூல் கோர்த்துக் கொடுப்பது நான்தான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, கண் முகாம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பெட்டியில் ஒரே ஒரு வளையம் வருகிறது, கப்பலின் நடுவே பதிக்கும் பித்தளை மீட்டருக்கு. நீங்கள் கொடுத்த உள்ளளவு அறுபது மில்லி. மீட்டர் எப்படி உட்கார்ந்தது என்று மறக்காமல் எழுதுங்கள்.

கோதண்டபாணி

திண்டிவனம்
20.11.2025

அன்பிற்குரிய அண்ணனுக்கு,

மீட்டரை வைத்து ஒரு விரலால்தான் அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது! மாஷா அல்லாஹ், மயிரிழை இடைவெளி இல்லை. நஃபீசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இதுக்குப் போயி இப்படிக் குதிக்கிறீங்களே” என்று சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உங்கள் தம்பி,
ஹமீத்

விழுப்புரம்
23.11.2025

ஹமீத் பாய்க்கு,

நீங்கள் இப்படிக் கூசாமல் பொய் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

அந்த வளையத்தை நான் வேண்டுமென்றே அறுபத்திரண்டு மில்லிக்குக் கடைந்தேன். மீட்டர் அதில் லொடலொடவென்று ஆடியிருக்க வேண்டும். டக்கென்று எப்படி உட்காரும்? என் வளையத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வேறு ஒருவன் கடைந்ததைப் பூட்டியிருக்கிறீர்கள். அது யார் என்பதும் எனக்குத் தெரியும். பெட்டி கொண்டுவரும் வேன்காரன் புகழேந்தி போன மாதமே சொன்னான்: “மாமா, கட்டில் கால் கடையற இருதயராஜ் இல்ல, அவரு பாய் வூட்லேர்ந்து மர வளையமா எடுத்துக்கினு போறாரு. என்னான்னு கேளு.” கேட்டேன், நீங்கள் சொல்லவில்லை.

உலகம் நீராவியிலேயே ஓடிக்கொண்டிருந்தால் ஆகாயத்தில் என்ன பறக்கும் என்று ஆறு வருடத்துக்கு முன் டீக்கடையில் கேட்டது நான். நிஜக் கப்பலில் கழித்துப்போட்ட பித்தளை மீட்டரைத் துபாயிலிருந்து கொண்டுவந்து என் கையில் வைத்தது நீங்கள். அந்த இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கப்பல். கண்காட்சியில் அதன் கீழே யார் பெயர் இருக்கப்போகிறது, இருதயராஜ் பெயரா? என் மரத்தை எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கோதண்டபாணி

திண்டிவனம்
27.11.2025

அண்ணனுக்கு,

கேட்டபடி கப்பல் வயிற்றை அனுப்பிவிட்டேன். கூடவே உங்கள் வளையமும் மீட்டரும் இருக்கின்றன. நீங்களே பொருத்திப் பாருங்கள்.

ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வளையமும் உள்ளளவில் இரண்டு மில்லி குறைவு. மீட்டர் உள்ளேயே போகவில்லை. உங்களுக்குக் கண் மங்குகிறது என்று நினைத்தேன். சொன்னால் அன்றைக்கே உளியைக் கீழே வைத்துவிடுவீர்கள் என்று பயம். அதனால் இருதயராஜிடம் கொடுத்து உள்பக்கத்தை மட்டும் பெரிதாக்கினேன். மறைத்தது என் தப்புதான். இந்த ஒன்றுதான் வந்தபடியே சரியாக இருந்தது. கண் தெளிந்துவிட்டது என்று குதித்தேன். அது எனக்கு வைத்த பொறி என்று இப்போதுதான் தெரிகிறது.

கண்காட்சிக்கு இரண்டு பெயரையும் போன மாதமே எழுதிக் கொடுத்தாயிற்று. உங்கள் பெயர்தான் முதலில். மனசு ரொம்ப வலிக்கிறது அண்ணே. இனிமேல் எழுத வேண்டாம்.

ஹமீத்

விழுப்புரம்
1.12.2025

பாய்,

மீட்டர் டக்கென்று உட்கார்ந்தது.

கழற்றி இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன், அப்போதும் அப்படியே. பிறகு கடைக்குப் போய்ப் புது இரும்பு ஸ்கேல் ஒன்று வாங்கி வந்து என் ஸ்கேலோடு ஒட்டி வைத்துப் பார்த்தேன். என்னுடையது ஆரம்பத்தில் இரண்டு மில்லி கட்டை. ஆயுத பூஜைக்குக் கருவியெல்லாம் துடைக்கும்போது, முனையில் துரு இருக்கிறதென்று நானே சாணைக்கல்லில் பிடித்துத் தேய்த்தேன். தேய்த்துவிட்டுச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிடவும் செய்தேன். அந்த முனையில் கவராயத்தை ஒட்டித்தான் அத்தனை வளையத்துக்கும் அளவு எடுத்தேன். அறுபத்திரண்டு என்று நினைத்துக் கடைந்தது சரியாக அறுபதில் நின்றிருக்கிறது. எல்லாம் ஒரே ஸ்கேல் என்பதால் என் மரம் என் மரத்தோடு சரியாகவே சேர்ந்தது, உங்கள் பித்தளையோடுதான் சேரவில்லை.

நான் உங்களைச் சந்தேகப்பட்டேன், நீங்கள் என் கண்ணைச் சந்தேகப்பட்டீர்கள். ஸ்கேலை இரண்டு பேருமே சந்தேகப்படவில்லை. ஆனால் நீங்கள் மறைத்தது என் மனசு நோகக்கூடாது என்று. நான் பொறி வைத்தது உங்களைப் பிடிக்க. இரண்டும் ஒன்றில்லை, அது எனக்குத் தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது பாய்.

எழுத வேண்டாம் என்றீர்கள், இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கப்பல் வயிற்றைப் புகழேந்தியிடம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் தொழுதுவிட்டுத் திரும்பும் நேரத்துக்கு நானே மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன். கதவு திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன், நீங்கள் பூட்டிக்கொள்ளுங்கள்.

பெயரை மட்டும் மாற்றி எழுதச் சொல்லுங்கள். உங்களுடையது முதலில் இருக்கட்டும்.

கோதண்டபாணி