மெம் எழுத்தின் மேல் ஒரு கீறல்

அறுபது வயதிலும் என்னைச் ‘சின்னது’ என்று கூப்பிட்ட ஒரே ஆளான என் அண்ணனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இதுவரை அழுதுகொண்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து அழுகை போய்க் கோபம் வந்திருக்கிறது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். நீ இல்லை, அதனால் ஊரறியக் கேட்கிறேன்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் உன்னைத் தெரியாது. யங்கோன் துறைமுகத்தில் சரக்கு இறங்குவதைப் பார்த்து எழுதும் குமாஸ்தா நீ. அதே ஊரில் பபேடான் பேட்டையில் நம் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கும் யூதர் ஜெபாலயத்தின் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போனாய். போனவன் முப்பது வருஷம் அந்த எழுத்தைவிட்டுத் திரும்பி வரவில்லை. எபிரேயம் படித்தாய். வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதி எழுதியே படித்தாய். அவர்கள் கூட்டத்துக்கு இரண்டு முறை அழைத்தார்கள், இரண்டு முறையும் விசா வரவில்லை. உன் கட்டுரைகள் போய்வந்த ஊர்களுக்கு நீ போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய யூதர் கல்லறைக்குப் போய்விடுவாய். பாசி பிடித்த கல்லைக் கழுவி, தேய்ந்த எழுத்தில் தனாக்காக் கட்டையை உரைத்துக் குழைத்துப் பூசுவாய். பள்ளத்தில் மட்டும் மஞ்சள் தங்கும், எழுத்து தெரியும். பெண்கள் கன்னத்தில் பூசுவதை எடுத்துப் பிணத்துக்குப் பூசுகிறான் என்று சித்தப்பா கிண்டல் செய்வார். நீ சிரித்துக்கொண்டே பையை மாட்டுவாய்.

அந்தக் கல்லறைகளைப் பற்றிய உன் புத்தகம் அச்சுக்குப் போகிறது, அண்ணே. சந்தோஷப்படு. ஆனால் திங்கட்கிழமை பதிப்பாசிரியரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் லைனில் கரண்ட் காலையில் நாலு மணி நேரம்தான், அதற்குள் என் மகள் சூ சூ படித்துச் சொன்னாள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் நீ ஒரு கல்லை ‘மா ரஹேல்’ என்று படித்திருக்கிறாய். ‘மா’ என்பது பர்மியப் பெண்ணின் பெயருக்கு முன்னால் வரும் மரியாதைச் சொல். ஆகவே ரஹேல் யூதரைக் கட்டிய பர்மியப் பெண், அவளை அந்தச் சமூகம் அவளுடைய ‘மா’வோடேயே அடக்கம் செய்திருக்கிறது என்று இருபது பக்கம் எழுதியிருக்கிறாய். அவர் கேட்கிறார்: அது ‘ம’ ஒலிக்கான வெறும் ‘மெம்’ எழுத்து அல்லவா? ‘திருமதி’ என்பதற்கு எபிரேயத்தில் போடும் சுருக்கம் அல்லவா? பர்மாவில் வாழ்கிறவருக்கு மட்டுமே வரக்கூடிய மயக்கம் இது என்று மரியாதையாக எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

சூ சூவுக்குச் சிரிப்பு. “அமே, மாமா எழுதினது மா இல்ல, ஹ்மா!” என்றாள். பர்மியத்தில் ‘ஹ்மா’ என்றால் தப்பு. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்துவிட்டது.

தனாக்காக் கட்டையையும் உரைக்கும் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கல்லறையில் காவல் இருக்கும் அந்த பர்மியக்கா என்னைப் பார்த்ததும், “ஊ செல்வம் வரலியா? உடம்பு சரியில்லையா?” என்று, ஆண்களுக்குப் போடும் மரியாதை ‘ஊ’வோடு உன்னைக் கேட்டாள். அவளிடம் யாரும் சொல்லவே இல்லை அண்ணே. நான் சொன்னேன். பிறகு தண்ணீர் வாளியோடு ரஹேல் கல்லுக்கு என்னை அவளே கூட்டிக்கொண்டு போனாள்.

“மத்த கல்லுக்கெல்லாம் ஒரு தடவை பூசுவாரு. இதுக்கு மட்டும் வர்றப்பல்லாம் பூசுவாரு. பூசிட்டுப் பேசாம நிப்பாரு” என்றாள்.

பூசினேன், துடைத்தேன். எனக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் நீ எடுத்த படங்களை நோட்டில் ஒட்டி ஒட்டி எழுத்தின் முகம் தெரியும். மெம் எழுத்தின் தலைமேல் சின்னதாக ஒரு கீறல், சுருக்கத்துக்குப் போடுகிற கீறல். ஒரு குருடிக்குக்கூடத் தெரியும். உனக்குத் தெரியாமல் போகுமா?

வீட்டுக்கு வந்து உன் நோட்டுகளைப் புரட்டினேன். முதல் நோட்டில், அதே கல்லுக்கு நேரே, உன் கையெழுத்தில் ‘திருமதி’ என்று இருக்கிறது. பத்து நோட்டு தள்ளி ‘மா’. நடுவில் என்ன நடந்தது? தெரிந்தே மாற்றினாயா? இல்லை, பார்த்துப் பார்த்து உனக்கே அப்படித் தெரிய ஆரம்பித்துவிட்டதா? சூ சூவின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் ஓர் எழுத்து மாற்றி எழுதினார்கள் என்று மூன்று நாள் போய் நின்ற மனிதன் அல்லவா நீ?

அப்புறம்தான் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. அம்மாவின் பாடையைத் தூக்குமுன் ஐயர் பெயர் கேட்கிறார். சித்தப்பா ‘மீனாட்சி’ என்கிறார், கல்யாணத்தன்று அப்பா வீட்டார் பர்மியப் பெண்ணான அம்மாவுக்கு வைத்த பெயர். “அது எங்கம்மா பேரு இல்ல. மா மியா” என்று நீ சொன்னாய். உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஏழு. சித்தப்பா அறைந்தார். நீ அழவில்லை. மூத்த பெண்களை மரியாதையாக ‘டோ’ என்று கூப்பிடும் வயது வருமுன்பே அம்மா போய்விட்டாள், கடைசிவரை மாதான். அந்த மாவும் எங்கேயும் எழுதப்படவில்லை.

நேற்று முழுக்க வீட்டுக்குள்ளேயே நடந்தேன். ‘மா’தான் என்று ஒரு வரி எழுதினால் போதும், புத்தகம் முழுசாக வரும், உன் பெயரும் நிற்கும். சத்தியமாக எழுத நினைத்தேன். ஆனால் அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பவள் திருமதி ரஹேல். அவளுக்கு அவளுடைய ஆட்கள் வைத்த பெயர் அது. அம்மாவுக்குச் சித்தப்பா செய்ததை நாம் அவளுக்குச் செய்யலாமா, அண்ணே? நீயே சொல்.

இன்று காலை கரண்ட் வந்ததும் சூ சூவைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதினேன். ‘திருமதி’ என்பதே சரி, அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். அவள் இந்த முறை சிரிக்கவில்லை. கல்லறைப் பட்டியலில் அந்தக் கல் வரும் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் கேட்டேன்: ‘இதை நூலாசிரியர் சில காலம் “மா” என்று படித்தார். அது பிழை. அவருடைய தாயின் பெயர் மா மியா. அந்தத் தாய்க்குக் கல்லறை இல்லை.’

ஆராய்ச்சிப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை என்று அவர்கள் சொல்லலாம். சொன்னால் மறுபடி எழுதுவேன். அச்சாகும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

மா மியாவின் மகள்,
உன் தங்கை.