தாளம் நிற்கவில்லை

மதுரை,
9-3-2025

அன்புள்ள பாண்டிக்கு,

ஹாலாஸ்யம் எழுதுவது. இங்கே நலம். பாண்டீஸ்வரியும் திவ்யாவும் நலம்தானே? போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே நீ "மாப்ள, மாடு அவுத்துக்கிருச்சு, அப்பறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவாய். அந்த மாட்டை ஒரு நாளாவது ஒழுங்காகக் கட்ட மாட்டாயா? அதனால்தான் கடிதம்.

வைகாசியில் புது ஃப்ளாட்டுக்குப் போகிறோம். வீட்டைக் காலி செய்கிறேன் என்று ராஜஸ்ரீ ஒரு மாதமாக என் உயிரை வாங்குகிறாள். நேற்று பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கி, "இந்தக் குப்பை எதுக்கு?" என்றாள். பார்த்தால் நம் காசெட்டுகள்! 'ராகப் புறாக்கள் இன்னிசைக் குழு' என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டிய பதினொரு காசெட். செல்லூரில் நல்லகாமன் வீட்டு முன்னறையில் நாம் நாலு பேரும் பதிவு செய்தது அத்தனையும் இருக்கிறது. சோலையின் பாட்டு, நல்லகாமன் கிட்டார், உன் தபேலா, என் ஆர்மோனியம்.

அந்தத் தெருவில் பொழுதன்னிக்கும் தறிச் சத்தம். கரண்ட் போனால்தான் தறி நிற்கும். தெருவே தலையில் அடித்துக்கொள்ளும். நாம் மட்டும் "போயிருச்சு, போயிருச்சு" என்று குதித்துக்கொண்டு, சோலையின் டேப் ரெக்கார்டரில் ஆறு பேட்டரி செல்லைப் போட்டுப் பதிவு செய்வோம்.

எதிர்வீட்டுக்காரரின் பழைய ரெக்கார்டரை வாங்கி எல்லாவற்றையும் கேட்டேன். பத்துக் காசெட்டில் ஒழுங்காக வாசித்திருக்கிறாய். பதினொன்றாவதுதான் 91-இல் சென்னைக் காசெட் கம்பெனிக்கு நாம் அனுப்பிய சொந்தப் பாட்டு. அதில் மட்டும் தாளத்தை விட்டு, நாய் துரத்துவது போல ஓடியிருக்கிறாய். இப்போது கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "பாட்டு நன்று. தாளம் நிற்கவில்லை" என்று இரண்டே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்களே, அந்தக் கார்டும் பெட்டிக்குள் கிடக்கிறது.

அமெரிக்காவிலிருந்து என் பையன் கிரிதர் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் ஏற்றலாம் என்கிறான். எல்லாரிடமும் சம்மதம் கேட்க வேண்டுமாம். மற்ற இருவரும் சரி என்றுவிட்டார்கள். உன் சம்மதத்தை எழுது. அந்த ஒரு பாட்டில் மட்டும் ஏன் அப்படி ஓடினாய் என்பதையும் இப்போதாவது சொல்லித் தொலை.

அன்புடன்,
ஹாலாஸ்யம்


கீழக்குயில்குடி,
17-3-2025

அன்பு மாப்ள ஹாலாஸ்யத்துக்கு,

ஜெயபாண்டி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மாடும் சுகம், கட்டித்தான் கிடக்கிறது.

உனக்கு வேறு வேலையே இல்லையா? இங்கே கடலைச் செடியை மயில் கொத்துகிறது. கிணற்று மோட்டார் இந்த வருஷம் இரண்டாவது தடவையாகப் புகைந்துவிட்டது. இதற்கு நடுவில் தபால்காரர் ரிஜிஸ்தர் தபாலைக் கொண்டுவந்து நீட்டுகிறார். கோர்ட் நோட்டீஸ் என்று பாண்டீஸ்வரி பதறிப் போனாள். பிரித்தால் முப்பத்துநாலு வருஷத்துக் குற்றச்சாட்டு. அதற்கு ரிஜிஸ்தர் ஒரு கேடு.

ஓடினேன். எத்தனை தடவைதான் ஒப்புக்கொள்வது? கடைசித் தேதி என்று போட்டுக் கேட்காமலே காசெட்டைத் தபாலில் சேர்த்தோம். அது திரும்பி வந்த அன்றைக்கு, எல்லார் முன்னாலும் அந்தக் கார்டை நீ சத்தமாகப் படித்தாய். "என்ன பாண்டி, பயந்துட்டியா?" என்று கேட்டாய். பிறகுதான் போட்டுக் கேட்டோம். போகப் போக வேகம் ஏறியதை என் காதாலேயே கேட்டேன். வாசிக்கும்போது சரியாக இருந்த மாதிரிதான் எனக்கு இருந்தது. ஆனால் காசெட்டா பொய் சொல்லும்?

அடுத்த கோயில் கச்சேரிக்கு நீ வேறு ஆளைக் கூட்டிப் போனாய். தபேலாவை ஒருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு அப்பாவோடு வயலில் இறங்கினேன். அதோடு சரி, இன்றுவரை தொடவில்லை. அதற்குப் பிறகும் உன் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினேன். கிரிதர் பூணூலுக்கு வாழைத்தார் கொண்டுவந்து இறக்கினேன். இன்னும் என்னதான் செய்யச் சொல்கிறாய்?

இன்டர்நெட்டில் தாராளமாகப் போடு. அந்தப் பாட்டில் என் பெயரைப் போடாதே. ஊர் சிரித்தது போதும், உலகமும் சிரிக்க வேண்டாம்.

அன்புள்ள,
ஜெயபாண்டி


மதுரை,
30-3-2025

அன்புள்ள பாண்டிக்கு,

ஒரு வரி கேட்டதற்கு இத்தனை கோபமா? சாதாரணத் தபால் வந்து சேருமோ சேராதோ என்றுதான் ரிஜிஸ்தர் செய்தேன். அதற்கும் திட்டு.

காசெட்டுகளைக் கம்ப்யூட்டரில் மாற்ற டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் சிவக்குமாருக்கு நம் வயதுதான். பதினொன்றாவதைக் கேட்டுவிட்டு, "சார், தபேலாக்காரர் ஓடல" என்றார். எனக்கு வந்ததே எரிச்சல். "ஓடியிருக்கான் சார், அவனே ஒத்துக்கிட்டான்" என்றேன்.

"அப்ப உங்க ஆர்மோனியம் ஏன் சார் சுருதி ஏறுது? அஞ்சு கட்டையில ஆரம்பிச்சு ஆறு கட்டையில முடியுது. தபேலா ஓடுனா ஆர்மோனியம் சுருதி ஏறுமா? செல்லு இறங்கிருக்கு சார். செல்லு இறங்க இறங்க டேப்பு மெதுவாச் சுத்தும். மெதுவாப் பதிஞ்சதக் கரண்ட்டுல போட்டா வேகமாத்தான் கேக்கும்."

எனக்கே சங்கீதம் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டுவிட்டுக் கடையை விட்டு இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து நாலு தடவை போட்டுக் கேட்டேன். ராஜஸ்ரீ கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மனிதர் சொன்னது சரிதான். ஆர்மோனியம் ஏறுகிறது.

அன்றைக்கு ரெக்கார்டரில் என்ன செல் போட்டோம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

அன்புடன்,
ஹாலாஸ்யம்


கீழக்குயில்குடி,
7-4-2025

அன்பு மாப்ள ஹாலாஸ்யத்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் ஓடவில்லை என்றா எழுதியிருக்கிறாய்? அதைக்கூட நேராக ஒரு வரி எழுத உனக்கு மனசு வராதா? கடைக்காரர் சொன்னார், ராஜஸ்ரீ கதவைச் சாத்தினாள் என்று ஊரைச் சுற்றுகிறாய்.

செல்லைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறாய்? செல் வாங்குவது எப்போதும் உன் பொறுப்பு. அன்றைக்கும் நீதான் கொண்டுவந்தாய். "புதுசா மாப்ள?" என்று நல்லகாமன் கேட்டதற்கு, "புதுசுதான், போடு" என்றாய். அது நேற்று நடந்தது போல எனக்கு ஞாபகம் இருக்கிறது. புது செல் ஒரே பாட்டுக்குள் இறங்குமா? அந்தக் கடைக்காரர் தப்பாகச் சொல்லியிருப்பார்.

உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. திவ்யா எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடிக்க அவளைச் சேர்த்தார்கள். வீட்டில் எதைப் பார்த்தாலும் தட்டிக்கொண்டே இருப்பாள். நான்தான் போய்ப் பெயரை எடுக்க வைத்தேன். "நம்ம ரத்தத்துல தாளம் நிக்காது ஆத்தா. நாலு பேரு முன்னால அசிங்கப்பட வேணாம்" என்று சொன்னேன். பிள்ளை இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது பேங்கில் வேலை பார்க்கிறாள், மேசையில் விரல் வைத்துத் தட்டிக்கூட நான் பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன். நான் ஓடினேனா, இல்லையா? மழுப்பாமல் எழுது.

ஜெயபாண்டி


மதுரை,
19-4-2025

அன்புள்ள பாண்டிக்கு,

ஞாபகம் இல்லை என்று எழுதி இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ ஓடவில்லை.

அந்த ஆறு செல்லும் பழையவை. எங்கள் மொட்டைமாடியில் மூன்று நாள் வெயிலில் காயவைத்து எடுத்துவந்தேன். வெயிலில் வைத்தால் செல்லுக்கு உயிர் வரும் என்று ஊரே நம்பியது, நானும் நம்பினேன். இன்றைக்கு நாளைக்கு என்று புதுசு வாங்காமல் தள்ளிப்போட்டிருந்தேன். கரண்ட் திடீரென்று போய்விட்டது. கடைக்கு ஓடினால் அதற்குள் வந்துவிடுமோ என்று பயம். நல்லகாமன் கேட்டபோது தெரிந்தேதான் புதுசு என்று சொன்னேன்.

இதோடு நின்றிருந்தால் மடத்தனம் என்று சிரித்துவிடலாம். காசெட் திரும்பி வந்து நாம் போட்டுக் கேட்ட அன்றைக்கே, ஆர்மோனியம் ஏறுவது என் காதில் விழுந்தது. என் பெட்டி, என் விரல். எனக்குத் தெரியாமல் போகுமா? சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ "நான்தான் மாப்ள ஓடிட்டேன் போல" என்று தலையைக் குனிந்துகொண்டாய். எனக்கு அது வசதியாகப் போயிற்று. பிறகு ஓடியது நீதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். பரணிலிருந்து பெட்டி இறங்கியபோதுகூட உன்மேல்தான் கோபம் வந்தது. என்ன பிறவியோ நான்!

திவ்யா விஷயத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, பாண்டி. என்னை மன்னித்துவிடு.

சிவக்குமார் கடைக்கு மறுபடி போனேன். வேகத்தைச் சரி செய்து பென் டிரைவில் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன், கேள். உன் தாளம் இம்மிகூட நகரவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நல்லகாமனும் சோலையும் வருகிறார்கள். அவர்கள் முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உன்,
ஹாலாஸ்யம்


கீழக்குயில்குடி,
2-5-2025

ஹாலாஸ்யத்துக்கு,

பென் டிரைவ் வந்தது. திவ்யாவின் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டோம். முதலிலிருந்து கடைசிவரை நிற்கிறது. பாண்டீஸ்வரி அழுதாள். திவ்யா திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். நன்றாக வாசித்திருக்கிறேன், ஹாலாஸ்யம். இருபத்திரண்டு வயசில் அம்புட்டு நன்றாக வாசித்திருக்கிறேன். இப்போது விரலை மடக்கினால் வலிக்கிறது.

நல்லகாமனிடமும் சோலையிடமும் சொல்லிவிடு. சொல்லாமல் இருந்துவிடாதே. நான் அங்கே இருக்க மாட்டேன். பாண்டீஸ்வரி வருவாள், ராஜஸ்ரீமேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. இன்டர்நெட்டில் போடும்போது என் பெயரைச் சேர்க்கச் சொல். தபேலா, ஜெயபாண்டி, கீழக்குயில்குடி.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்று நாலு நாள் மனசோடு மல்லுக்கட்டிப் பார்த்தேன். வரவில்லை. பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன். அந்த வயசில் யார் சொல்லவில்லை? வேறு ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. தப்பு என்னுடையது என்று நினைத்திருந்தவரை உன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. 'நம்மளால இவன் பாட்டு வீணாப் போச்சு, அப்படியும் நம்மகிட்டப் பேசுறானே' என்று உன்னைப் பெரிய மனுசனாக வைத்திருந்தேன். உன் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் அந்த எண்ணத்தில்தான் முதல் ஆளாக வந்து நின்றேன். நீயும் தெரிந்துகொண்டே நிற்கவிட்டாய்.

முப்பத்துநாலு வருஷம் உனக்கு நன்றியோடு இருந்திருக்கிறேன். அதை என்னால் தாங்க முடியவில்லை. இனிமேல் கடிதம் போடாதே.

ஜெயபாண்டி