நான் மினுக்காத பந்து

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, நேற்று உன் மனைவி அந்தப் பழைய கிரிக்கெட் பந்தைக் கொண்டுவந்து தந்தார். அலுமாரியில் ஒரு காலுறைக்குள் சுற்றிக் கிடந்ததாம். "இதை உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவர் அண்ணை" என்றார். தோலின் மணம் இன்னும் போகவில்லை.

செத்தவனைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். நான் உன்மேல் வைத்திருந்தது எரிச்சல். அதை மறைத்து எழுதினால் நீயே சிரிப்பாய். லண்டன் ஹரோவில் ஒரே கிரிக்கெட் கிளப்பில் ஒரே நாளில் சேர்ந்தோம். இரண்டாம் கோடையிலேயே உனக்குச் சம்பளம் தந்து பந்து வீச வைத்தார்கள். நானோ சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு ஓடி வருகிறவன். புதுப் பந்து எப்போதும் உனக்கு. நீ களைத்த பிறகு, அடிபட்டுத் தேய்ந்த பந்து எனக்கு.

பிறகு உன் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி வந்தது; கதிர்ச் சிகிச்சை, எங்கள் சனம் சொல்லும் 'கரண்ட்', பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்று அழுதேன், அது பொய்யில்லை. அடுத்த சனிக்கிழமை கப்டன் புதுப் பந்தை என்னிடம் எறிந்தபோது மனம் குளிர்ந்ததே, அதுவும் பொய்யில்லை. இரண்டு கோடை முதல் ஓவர் என்னுடையது. "எத்தினை விக்கெட் மச்சான்?" என்று படுக்கையில் கிடந்தபடி கேட்பாய். ஒன்றைக் கூட்டித்தான் சொல்வேன்.

அதற்கடுத்த கோடையில் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தாய். புதுப் பந்தை உன்னிடம் எறிந்த கப்டன் என் பக்கம் பார்க்கவேயில்லை. நீ ஓடி வரத் தொடங்கியதுமே சனம் எழும்பிக் கைதட்டியது. அகலப் போன பந்துக்கும் கைதட்டல்! உனக்கு வந்த புற்று வருத்தத்தின் மீதே எனக்குப் பொறாமை வந்தது.

இரண்டு ஓவர் முடிய என்னிடம் வந்து பந்தை நீட்டினாய். "கரண்ட் பிடிச்சதிலை வாய் காய்ஞ்சுபோச்சு மச்சான். துப்பல் வருகுதில்லை. ஒரு பக்கத்தை நீ மினுக்கித் தா."

ஒரு பக்கம் மினுங்கினால்தான் உன் பந்து காற்றில் வளையும். தெரிந்துகொண்டே, துப்பல் தொடாமல், காற்சட்டையில் சும்மா தேய்ப்பதுபோல் தேய்த்துத் தந்தேன். பந்து வளையவில்லை. உனக்கு அடி விழுந்தது. மறுபடியும் பந்தை வாங்கி அப்படியே தேய்க்கத் தொடங்கினேன். நீ பந்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "மினுக்கினது காணும், தா" என்றாய். பிறகு வளையாத பந்தை நேரே விக்கெட் குச்சிக்குப் போட்டு நாலு பேரை அவுட்டாக்கி அனுப்பினாய்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் சனத்தின் முன்னால் என் தோளில் கை போட்டாய். "பந்தை மினுக்கித் தந்தது இவன். அரைவாசி விக்கெட் இவன்ரை." எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். பந்தை நீ உன் பைக்குள் போட்டுக்கொண்டாய். எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது.

அதன்பின் மூன்று கோடை நீ விளையாடினாய். கட்டி திரும்பி வந்து நீ கண்மூடும்வரை நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்று காலை பந்தை எடுத்துத் துப்பல் தொட்டுத் தேய்த்தேன். காற்சட்டையில் கொஞ்சம் சிவப்புப் பிடித்தது, பந்து மினுங்கவில்லை. பொறுக்க முடியாமல் உன் மனைவிக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் அண்ணை. அண்டைக்கே சொன்னவர்" என்றார். "'பாவம், அவனுக்கு அந்த முதல் ஓவர் எவ்வளவு ஆசையாய் இருந்திருக்கும்' எண்டவர்."

அதிலும் நீதான் முந்தி. எனக்கு இன்னும் எரிகிறது, மச்சான்.