நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மனைவி

சேசு மரி சூசை

உறுவையாறு,
4-11-1978

அன்புள்ள தனிஸ்லாசுக்கு,

அருள்சாமி எழுதுகிறேன். துலூஸில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் அந்தோணி மேரியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நான்கு நாளாக மழை. நான் நலம் என்று வழக்கமாக இந்த இடத்தில் எழுதுவேன். இந்த முறை கை வரவில்லை.

உன் புத்தகத்தைப் பார்த்தேன். நீ அனுப்பியதல்ல. எங்கள் பள்ளியில் சரித்திரம் நடத்தும் பலராமன் புதுச்சேரியில் வாங்கி வந்து, "உங்க சேக்காளி இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் ஜாதகம் எழுதிக்கீறாரு, பாருய்யா" என்று என் மேசையில் போட்டார். 'இருநூறு ஆங்கிலச் சொற்கள்', அதன் கீழே உன் பெயர். அட்டையிலும் முன்னுரையிலும் கடைசிப் பக்கத்திலும் தேடினேன். என் பெயர் எங்கும் இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்து தொடங்கியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அறுபத்தாறில் நீ பிரான்சுக்குக் கப்பல் ஏறினாய். (என் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தாய். கோட்டு இன்னும் திரும்பவில்லை.) அதற்குப் பிறகு பத்து வருஷம் தனியாக எழுதி நாலு நோட்டுகளை நிரப்பியவன் நான். எழுபத்தாறில் நீ லீவில் வந்தபோது, "டைப் அடிச்சு எடுத்தாறேன்டா, ரெண்டு பேர் பேரும் போட்டுடலாம்" என்று வாங்கிக்கொண்டு போனாய். கொடுக்கும்போது மூன்றாம் நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டி, இதை மட்டுமாவது படித்துவிட்டு எடுத்துப்போ என்றேன். ராத்திரியே படித்துவிட்டேன் என்று மறுநாள் சொன்னாய்.

'பீக்கண்ட்' (piquant) என்ற சொல்லுக்கான பக்கம் அது. காரம் என்றாலும் சரிவராது, புளிப்பு என்றாலும் சரிவராது. நாக்கைக் குத்தி, குத்துவதாலேயே பிடித்துப்போகிற சுவை. பிரெஞ்சில் ஊசி குத்துவதற்கும் முள் குத்துவதற்கும் குளவி கொட்டுவதற்கும் இருக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் என்று நீ கடிதத்தில் எழுதியிருந்தாய். அந்த நாலு வரி உன்னுடையது, வைத்துக்கொள். அது ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் மனதைப் புண்படுத்தும் பேச்சைத்தான் குறித்தது, நூறு வருஷத்துக்கும் மேல் கழிந்த பிறகே சாப்பாட்டுக்கு வந்தது என்று தேடி எழுதியது நான். ஆனால் தமிழில் அதற்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை இரண்டு வருஷம் வெறுமையாக விட்டிருந்தேன்.

அதை நிரப்பியவள் மதலேனாள். கடைசி நோயில் அவளுக்குக் கஞ்சி மண்ணாக இருந்தது, சர்க்கரையும் மண்ணாக இருந்தது. ஒரு நாள் அவளே கேட்டு, உப்பு நார்த்தங்காயில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். "சுருக்குன்னு குத்துதுங்க. ஆனா நல்லாக்கீது. நாக்கு இன்னும் சாவல" என்றாள். அன்றைக்கே நோட்டில் எழுதினேன்: சுருக்கென்ற சுவை. இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு என் மனைவி சொன்னது. ஒன்பது நாள் என்பதைப் பிறகு சேர்த்தேன்.

உன் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அது ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது. 'என் மனைவி' என்றே இருக்கிறது. தனிஸ்லாஸ், நீ அந்தப் பக்கத்தை அன்றைக்கும் படிக்கவில்லை, அச்சுக்குக் கொடுக்கும்போதும் படிக்கவில்லை. திருடியதையாவது படித்திருக்கலாம்.

படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பலராமன் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "உங்க சேக்காளி சம்சாரம் எப்போ தவறினாங்க? சொல்லவே இல்லியே" என்று கேட்டார். நான் வகுப்புக்குப் போய்விட்டேன். புத்தகம் அவரிடமிருந்து நம் கோயில் உபதேசியார் பாஸ்கல் கைக்குப் போனது. கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயர்ப் பட்டியல் எழுதுபவர் அவர்தான் என்பது உனக்குத் தெரியும். என் வீட்டுக்கு வந்து, "வாத்தியாரே, பிரான்சுல எறந்தா இன்னா, நம்ம கோயில் பிள்ளையோட பொஞ்சாதி. சேத்துடட்டுமா?" என்று கேட்டார். அந்தோணி மேரி காரைக்கால் பெண். இல்லை என்று மறுத்துச் சொல்ல அவள் உறவோ உன் உறவோ யாரும் இப்போது இந்த ஊரில் இல்லை. நான் ஒருவன்தான் இருந்தேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுதிக்கொண்டார்.

முந்தாநாள் சாமியார் வாசித்தார். மதலேனாள் என்றார். அடுத்த பெயர் அந்தோணி மேரி. இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபத்தைச் சனமெல்லாம் சொன்னது. நானும் சொன்னேன். அப்போது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. பூசை முடிந்து மதலேனாள் கல்லறையில் மெழுகுவர்த்தி வைக்கப் போனேன். மழைக் காற்றில் நிற்கவே இல்லை. நாலு முறை ஏற்றினேன். பிறகு குடையை அவள் மேல் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். மதலேனாள் படுத்திருந்த காலத்தில் மாதம் தவறாமல் மருந்து அனுப்பி வைத்தவள் அந்தோணி மேரி. அது அங்கே நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

நாளை ஞாயிறு. பூசைக்கு முன் சாமியாரிடம் போய், அந்தோணி மேரி உயிரோடு இருக்கிறாள், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லப்போகிறேன். அப்படியானால் புத்தகத்தில் இருக்கும் மனைவி யார் என்று அவர் கேட்பார். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அதை நீ எழுத வேண்டும். சாமியாருக்கு எழுது, பலராமனுக்கு எழுது, அச்சகத்துக்கு எழுது. என் பெயர் எனக்கு வேண்டாம். இருநூறு சொல்லையும் நீயே வைத்துக்கொள். அந்த ஒரு வரியில் மட்டும் 'என் மனைவி' என்பதை அடித்துவிட்டு மதலேனாள் என்று போடு. உறுவையாறு மதலேனாள் என்று போட்டால் இன்னும் நல்லது.

இந்தக் கடிதத்தை அந்தோணி மேரியிடம் காட்டாதே. மாதா அவளுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நாக்கில் ருசி போகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மதலேனாளின் கணவன்
அருள்சாமி